பானைப் படத்தை அமுக்கினால் போதும்

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதே, இளமதி. நாற்காலியை இப்படிச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொள். மத்தியானத்துக்கு மேல் இந்தக் கடைக்குள் மேற்கு வெயில் வரும். கம்ப்யூட்டர் திரையெல்லாம் பளபளவென்று ஆகிவிடும், வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காருவார்கள். அதற்காகத்தான் அந்தப் பச்சைத் துணியைத் தைத்துத் தொங்கவிட்டேன். ஒருவருக்கு எது இடைஞ்சல் என்பது அவர் வாய் திறப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிட வேண்டும். என் தொழில் முழுக்க அவ்வளவுதான்.

நீ ஒரே கேள்விதான் கேட்டாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் நின்றுகொண்டே கேட்டாய்.

"பெரிம்மா, எங்கம்மா ஏன் எங்க ஊட்லயே இருந்துச்சி?"

புகை வந்தபோது உன் அம்மா தூங்கிக்கொண்டிருந்ததாக, தூக்கத்திலேயே போய்விட்டதாக விசாரணைக்கு வந்தவர்கள் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் என்றைக்குத் தூங்கினாள் என்று நீ கேட்கிறாய். சும்மாட்டுத் துணி சுற்றிய சுற்று கலையாமல் அவள் கையிலேயே இருந்தது, அப்படியென்றால் பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பத்தானே இருந்தாள், கிளம்பியவள் ஏன் போகவில்லை என்கிறாய். நியாயமான கேள்வி, கண்ணு. அவள் தூங்கவில்லை. அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள். இணையதளம் செய்கிறவள், வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அது பழக்கமாகிவிட்டது.

பொதட்டூர்பேட்டையிலிருந்து கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தவள் நான். படிப்பு எட்டாவது. தட்டச்சு தெரியும். என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் இருந்தார். அவர் போன பிறகு ஸ்டேஷன் பக்கத்தில் இந்த பிரவுசிங் சென்டரை வைத்தேன். ஆளில்லாத வேளையில் மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். புடவையைத் திருப்பிப் போட்டுப் பூவேலையின் முடிச்சைப் பார்க்கிற மாதிரிதான். அப்படியே கற்றுக்கொண்டேன். புத்தகம் பிறகுதான் வாங்கினேன்.

ஆனால் அதைவிடப் பெரிய பாடம் பரீட்சை ரிசல்ட் வருகிற நாட்களில் கிடைத்தது. பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நம்பரை எங்கே அடிப்பது என்று தெரியாமல் தேதி கேட்கிற கட்டத்தில் அடிப்பார்கள், பிழை என்று சிவப்பில் வரும், ஃபெயிலாகிவிட்டோம் என்று அழுவார்கள். ஒரு பையன் வெளியே போய்த் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். கூட்டிக்கொண்டு வந்து நானே அடித்துப் பார்த்தேன், நல்ல மார்க். அன்று ஒன்று எனக்குப் புரிந்தது. யாராவது தடுமாறினால் தப்பு அந்த ஆளின் மேல் இல்லை, பக்கத்தின் மேல்தான். பக்கத்தைத் திருத்தினால் ஆளின் பயம் போய்விடும். இன்றைக்கும் அதை நம்புகிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் பூவராகவன் சார் வந்தார். உங்கள் ஏரிக்கரைக்கு மேலே இருக்கிற ரசாயனக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. கம்பெனியின் பெயர் உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள், சுற்றி இருக்கிற ஜனங்கள் குறை சொல்ல உங்களிடம் என்ன வழி இருக்கிறது என்று கேட்டார்களாம். அதனால் கம்பெனிக்கு ஒரு இணையதளம், அதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், மின்னஞ்சல் முகவரி கட்டாயம். உங்கள் ஏரிக்கரையில் அப்போது பாதி வீட்டில் மின்சாரமே கிடையாது.

அந்த ஜனங்களைப் பார்க்காமல் நான் பக்கம் போட மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். அவர்களுக்கு என்ன தேவை என்று தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவர் தேவையை அவர் சொல்லட்டும், அவர்கள் தேவையை அவர்களே சொல்லட்டும் என்றேன். கெட்டவர் இல்லை அவர். ஒத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று மெதுவாகத்தான் சொன்னார்.

"சோறு ஆக்க வேணாம்னு சொல்லல மேடம். கேட்டாண்ட ஆக்க வேணாம். அவ்ளோதான்."

அதுதான் அவர் தேவை. காற்றில் கம்பெனிப் புகையின் அந்தக் காரவாடை வந்தால் உங்கள் வீட்டுப் பெண்கள் செய்கிற காரியத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கொதிக்கிற உலையை அப்படியே இறக்கி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றி, மேட்டில் இருக்கிற கம்பெனி கேட்டுக்குக் கொண்டுபோய், மூன்று கல் கூட்டி, மீதிச் சோற்றை அங்கே வடிப்பீர்கள். பிள்ளைகளும் ஆடுகளும் பின்னாலேயே ஏறி வரும். எரிகிற அடுப்பின் மேல் எந்த டிரைவரும் வண்டியை ஏற்ற மாட்டான். வடக்கத்திக்காரனாக இருந்தாலும் சோற்றுப் பானைக்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிடுவான். துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரிகள் வரிசையாக நிற்கும். உள்ளே யாரோ எதையோ மூடுவார்கள். வாடை குறையும். சோறும் வெந்திருக்கும். சாப்பிட்டுவிட்டு இறங்கி வருவீர்கள்.

முதல் பானை எப்போதும் உன் அம்மாவுடையது. ஞானம்மாவின் பானை கிளம்பினால்தான் மற்ற வீட்டுப் பானைகள் கிளம்பும்.

பால் சொசைட்டி அறையில் கம்பெனி ஒரு கம்ப்யூட்டரை வைத்தது. நான் அட்டைகளில் பக்கங்களை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, எதைத் தொடுகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். கேள்வி குறைவாகத்தான் கேட்பேன். விரலைப் பார்ப்பேன், தோளைப் பார்ப்பேன். பயந்தவர்களுக்குத் தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும்.

உன் அம்மா மவுஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, சோப்பு டப்பா மாரி கீது. தேச்சிக் குளிக்கணுமா?"

சொசைட்டியில் பால் அளக்கிற தேசப்பன் விடுவானா. "தேச்சிக்க அக்கா, அப்பவாச்சும் அழுக்கு போவும்."

"உன் பால்ல கீற தண்ணிய ஊத்திக்கினு குளிக்கறேன், வுடு."

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அது பிடித்திருந்தது. சிரிக்கிற இடத்தில்தான் ஜனங்கள் உண்மையான விரலை நீட்டுவார்கள்.

அன்று நிறையத் தெரிந்துகொண்டேன். 'புகார்' என்ற சொல்லைக் கண்டால் ஒருவரும் தொட மாட்டார்கள், அது போலீஸ் சமாச்சாரம். பெயர் கேட்டால் எழுந்துவிடுவார்கள். சிவப்பு நிறம் அதிகாரிகளுடையது என்று நினைக்கிறார்கள். எழுத்தை நம்பிப் பயனில்லை, அந்த நாட்களில் தமிழ் எழுத்து பாதி நேரம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அப்படியென்றால் படம் வேண்டும். எந்தப் படம்? அதையும் உன் அம்மாதான் கொடுத்தாள். அட்டையில் மணி வரைந்திருந்தேன், தொலைபேசி வரைந்திருந்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிற மாதிரியும் வரைந்திருந்தேன். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வாடை வந்தா எனக்குத் தெரிஞ்சது பானைதான், வேற இன்னாத்தப் போடறது என்றாள்.

அடுப்பின் மேல் பானை. திரை முழுக்க அந்த ஒரே படம். மவுஸை எங்கே வைத்து அமுக்கினாலும் பானைமேல்தான் விழும், தவறவே முடியாது. அடுத்த பக்கத்தில் மூன்று படம்: அடிபம்பு, புளியமரம், அம்மன் கோயில். எந்த வரிசை வீட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று அதில் தெரிந்துவிடும். அவ்வளவுதான், முடிந்தது. நீ ஷிஃப்டு முடிந்து வந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா கூட கம்ப்யூட்டர் கத்துக்கினாங்க பெரிம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் பானை நிற்கவில்லை. வாடை வந்தால் உன் அம்மா போய்ப் படத்தை அமுக்குவாள், பிறகு வீட்டுக்கு வந்து நிஜப் பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவாள். பூவராகவன் சார் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், பக்கம் நன்றாக இருக்கிறது மேடம், ஆனால் கேட் அப்படியேதான் நிற்கிறது என்றார். அந்த மாதம் ஒரு லாரி ரிவர்ஸில் வந்து, கூட்டம் விலகி, கஞ்சி கொட்டி உன் அம்மாவின் கால் வெந்துபோனது. நான் மருந்து வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய்.

அப்போது கேட்டேன். பானையை அமுக்கின பிறகும் ஏன் ஞானம், நெருப்பைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறாய் என்று. இரண்டு காரணம் சொன்னாள். முதலாவது, அந்தப் பொட்டி பதில் பேசுவதில்லை.

"எத்தினி தபா அமுக்கினாலும் கம்முனு கீதுக்கா. கோயிலுக்குப் போனா பல்லியாச்சும் சொல்லுது. ஆளு வந்துகினு கீதுன்னு ஒரு வார்த்த சொன்னா நா இன்னாத்துக்கு மேடு ஏறப் போறேன்? எனக்கு இன்னா வேண்டுதலா?"

இரண்டாவதையும் சொன்னாள். வெந்த காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மேட்டாண்ட போனா மூச்சு வுட முடியுது. கீழ நம்ம ஊட்டாண்ட அது தண்ணி மாரி வந்து நின்னுக்கும்."

நான் கேட்டேன், இளமதி. காதில் விழவில்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். விழுந்தது, மனதிலும் நின்றது. அந்தப் புகை பாரமானது, பள்ளம் பார்த்து இறங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது சண்டைக்கு மட்டுமில்லை. ஆனால் அதை வைத்து நான் பக்கத்தில் என்ன செய்ய முடியும்? எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வீடு மேட்டுக்கு நகராது. கம்பெனிக் குழாயை நான் மூட முடியாது. லாரியை நிறுத்த முடியாது, உங்கள் பானையைத் தடுக்கிற உரிமையும் எனக்குக் கிடையாது. என் கையில் இருந்தது ஒரு பக்கம் மட்டும். அந்த இரண்டில் முதலாவது பக்கத்தால் தீர்க்கக்கூடிய குறை. இரண்டாவது அப்படியில்லை. தீர்க்கக்கூடியதை எடுத்துக்கொண்டேன். என் இடத்தில் இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

இந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ஷட்டரை இறக்கிவிட்டு, நெல்லூர் வண்டி போகிற சத்தம் அடங்கும் வரைக்கும் காத்திருந்து, என் குரலைப் பதிவு செய்தேன். பலமுறை பேசிப் பார்த்தேன். முதலில் ரயில்வே அறிவிப்பு மாதிரி வந்தது. பிறகு, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினேன். அது சரியாக அமைந்தது. "சேதி வந்துடுச்சி. ஆள் கிளம்பியாச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

உன் அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நம்ம கலாக்கா கொரலு. பொட்டிக்குள்ள பூந்துக்கினு பேசுது பாரு." அவள் தோள் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது மெதுவாக இறங்கியது. ஒரு பக்கம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கேட்டில் அடுப்பு எரியவில்லை.

முதலில் நிஜமாகவே ஆள் வந்தது. மோசஸ் என்று கம்பெனி வாட்ச்மேன், மொபெட்டில் வந்து, ஒரு சுற்று சுற்றி, பார்த்தாச்சும்மா என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு அவருக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். ஆள் வராமலே நின்றுபோனது. ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் கடல் பக்கத்திலிருந்து காற்று கிளம்பும், வாடை கலைந்துவிடும். ஆள் உள்ளே போய் மூடிவிட்டான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். குரல் சொன்னது, வாடை போனது. அது போதும் அவர்களுக்கு. அதை நான் அப்போதே கவனித்தேன். அவர்களுடைய நிம்மதியை எடுத்துக்கொண்டு பதிலுக்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

பானையை அமுக்கினால் சேதி எங்கே போகும் என்று நீ கேட்க நினைக்கிறாய். இங்கேதான் வரும், இந்தக் கம்ப்யூட்டருக்கு. கம்பெனிக்கென்று ஒரு அஞ்சல் பெட்டி உண்டாக்கிக் கொடுங்கள் என்று பூவராகவன் சாரிடம் கேட்டிருந்தேன். உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம் என்றார். ஆரம்பத்தில் ஒவ்வொரு பானைக்கும் அவருக்கு போன் செய்தேன். அவர் மீட்டிங்கில் இருப்பார். அப்புறம் வேண்டிக் கேட்டுக்கொண்டார், தனித்தனியாக வேண்டாம், வாரக் கடைசியில் மொத்தமாகச் சொல்லுங்கள் என்று. சொன்னேன். அவர் 'உம்' என்பார். அவருக்கு மேலே இருப்பவர்களிடம் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், அவர்களும் 'உம்' என்றிருப்பார்கள்.

சென்னையில் ஒரு கல்லூரியில் கூப்பிட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உதவிக்கு ஆளில்லாமல் பயன்படுத்துகிற பக்கத்தைச் செய்தவர் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். பானைப் படத்தைப் பெரிதாகச் சுவரில் காட்டினேன். கைதட்டினார்கள். ஒரு பெண்பிள்ளை எழுந்து, அமுக்கின பிறகு அந்தப் பக்கம் யார் இருக்காங்க மேடம் என்று கேட்டாள். அது கம்பெனியின் பொறுப்பு, நான் இந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறேன் என்றேன். சரியான பதில்தான். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

இனி அந்தச் சாயங்காலம். மார்கழி பிறந்திருந்தது. உனக்கு இரண்டாவது ஷிஃப்டு, நீ வேலை செய்கிற கம்பெனியின் பஸ்ஸில் போய்விட்டாய். பகல் முழுக்கக் காற்றே இல்லை. ஸ்டேஷன் விளக்குகளைச் சுற்றிப் பனி அப்படியே நின்றது. கடையில் யாரும் இல்லை, நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு பானை வந்தது. அடிபம்பு வரிசை.

உன் அம்மா என்று உடனே தெரிந்தது. தேசப்பன் ஒரு சாவு காரியமாகத் திருவாலங்காட்டுக்குப் போயிருந்தான், சொசைட்டி அறையின் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான். அதுவரை அவள் அமுக்கும்போது அவன் பக்கத்தில் நின்று ஏதாவது கிண்டல் செய்துகொண்டிருப்பான். முதல் தடவையாக உதவிக்கு ஒருவரும் இல்லாமல், கதவைத் திறந்து, பொட்டியைப் போட்டு, பானையை அமுக்கி, பம்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஒரு தப்பும் இல்லாமல். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது சொன்னால் நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மவுஸைச் சோப்பு டப்பா என்றவள் அவள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பானை. அதே பம்பு. பிறகு இன்னொன்று.

போன் இதோ இந்த இடத்தில்தான் இருந்தது. பூவராகவன் சார் நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனால் தனித்தனியாக வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார், அன்று புதன்கிழமை. அவருக்கு மேலே எனக்கு யாரையும் தெரியாது. தீயணைப்பு நிலையம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்தான். அவர்களிடம் என்ன சொல்வது? ஒரு பானை மூன்று தடவை வந்தது என்றா?

நான் என் தொழிலில் கற்றதைத்தான் யோசித்தேன். ஒருவர் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கிடைத்த பதில் அவருக்குப் போதவில்லை. தப்பு ஆளின் மேல் இல்லை, பக்கத்தின் மேல்.

அதனால் பக்கத்தைத் திருத்தினேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மைக்கை எடுத்தேன். வீட்டுக்குப் போங்க என்று மட்டும் சொன்னால் போதாது, அவள் பயந்திருக்கிறாள், இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. "பயப்படாதீங்க. ஆள் பக்கத்துல வந்துட்டாங்க. யாரும் வெளிய வர வேணாம். கதவச் சாத்திக்கினு உள்ளயே இருங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சொல்லுங்க." உங்கள் பேச்சு மாதிரியே 'சாத்திக்கினு' என்றுதான் சொன்னேன். கேட்கிறவருக்கு நம்ம ஆள் என்று படும். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. பழைய குரலை எடுத்துவிட்டு இதை ஏற்றினேன்.

மறுபடி ஒரு பானை வந்தது. பிறகு வரவில்லை.

காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மாற்றம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். முறுக்கைச் சாப்பிட்டேன். கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் தேசப்பன் வந்து இந்தப் படியில் உட்கார்ந்து சொன்னான். பம்பு வரிசையில் எல்லா வீட்டு வாசலிலும் அடுப்புச் சாம்பல் சிந்தியிருந்ததாம். பானைகளை இறக்கி, சும்மாடு சுற்றி, கிளம்பத் தயாராகி, மறுபடி எல்லாரும் உள்ளே போயிருக்கிறார்கள். கதவு இடுக்கில் கோணியும் பழந்துணியும் திணித்திருந்ததாம். புளியமரத்து வரிசைக்காரர்களும் கோயில் வரிசைக்காரர்களும் சேதி கேட்காமல் மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பு வரிசைக்கு மட்டும் ஞானம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் கேட்பார்கள். அவள் பானை கிளம்பவில்லை, அதனால் ஒருவர் பானையும் கிளம்பவில்லை.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். உன் அம்மா வீட்டிலேயே இருந்தாள், ஏனென்றால் நான் இருக்கச் சொன்னேன். அவள் கேட்டாள். அவள் சொன்னாள் என்று மற்றவர்களும் கேட்டார்கள். அந்தக் கடைசிக் குரலை விசாரணைக்கு வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை, அடுத்த நாளே நான் எடுத்துவிட்டேன். பம்பு வரிசையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது நான்தான். கம்பெனி புகையை விட்டது, அது வேறு. அதை அவர்கள் சொல்லட்டும்.

உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ என்னைப் பார்க்கிற மாதிரி என்னை என்னால் பார்க்க முடியவில்லை, இளமதி. எத்தனை தடவை யோசித்தாலும் பக்கத்தில் ஒரு பிழை அகப்படவில்லை. அவள் எங்கேயும் தடுமாறவில்லை. வழி தவறவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு யாராவது ஒருவர் தன்மையாகப் பேச வேண்டியிருந்தது, நான் பேசினேன். அந்த ஏரிக்கரையில் அன்றைக்கு அவளிடம் பேச வேறு யார் இருந்தார்கள்?

இப்போது நிவாரண ஆபீசிலிருந்து கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தில் ஆள் போனவர்கள் அலையாமல், உட்கார்ந்த இடத்திலேயே தங்கள் மனு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பக்கம் வேண்டுமாம். ஒத்துக்கொண்டிருக்கிறேன். பானைப் படம் வேண்டாம், வேறு யோசிக்க வேண்டும். உன்னைப் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும், இப்போது இல்லை, மனது ஆறட்டும்.

நான் சொன்னதையெல்லாம் விசாரணையில் சொல்ல வேண்டும் என்கிறாய். சரிதான். நானே சொல்கிறேன். அந்த அதிகாரிக்கு இன்றைக்கே போன் செய்கிறேன், நீ அலைய வேண்டாம். நீ போய்ச் சாப்பிடு. முகமெல்லாம் வற்றிக் கிடக்கிறது.

இன்னும் நீ எழுந்திருக்கவில்லை. உன் தோளும் இறங்கவில்லை. அப்படியென்றால் நான் சொன்னவிதம் போதவில்லை. தப்பு உன் மேல் இல்லை, கண்ணு. இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சேதி வந்துவிட்டது. ஆள் கிளம்பியாயிற்று. நீ வீட்டுக்குப் போ. மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.